கைநாட்டு எப்போது கையெழுத்தானது? அப்பத்தாவின் வாழ்வை எழுதி வைப்பவர்களுக்கு

துக்க வீட்டிலிருந்து பேனர் கடைக்கு ஓடுகிற பையனிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, "தோற்றம் எப்போப்பா?" என்பதுதான். பத்து நிமிடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஆதார் அட்டையைப் பார்த்தால் 01.01.1940 என்று இருக்கும். அப்படியே அடித்துவிடுவார்கள். அந்தத் தேதி அதன்பிறகு கருமாதிப் பத்திரிகைக்குப் போகும், முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் போகும், கடைசியில் கல்லிலும் ஏறிவிடும். திண்ணை ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவின் அண்ணன் மகள், "எங்க அத்தை சமஸ்தானம் போன வருசம் சமைஞ்சது" என்று சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. அநேகமாக அவர் சொல்வதுதான் சரி.

ஆதாரில் சனவரி 1 என்று இருந்தால் அதைப் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சான்று இல்லாமல் வயதை மட்டும் வாயால் சொன்னவர்களுக்கு இயந்திரம் போட்டுக் கொடுத்த நாள் அது. வயதுமே குத்துமதிப்புதான்.

புதுக்கோட்டைப் பக்கத்து அப்பத்தா ஒருவரை மனதில் வைத்துக்கொண்டுதான் இங்கே எல்லாம் சொல்லப்படுகிறது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரம். மற்ற ஊர்க்காரர்கள் நிகழ்ச்சிகளை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

"சமஸ்தானம் போன வருசம்" என்பது 1948. அந்த ஆண்டு மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அப்போது பன்னிரண்டு வயது என்றால் பிறந்தது 1936 ஒட்டி. இனி ஜாதகமோ, பழைய நோட்டின் முதல் பக்கமோ கிடைத்து அதில் "தாது வருஷம் தை மாதம்" என்றிருந்தால் கணக்கு இறுகிவிடும். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்பது 1876லும் வந்தது, 1936லும் வந்தது, 1996லும் வந்தது. நம் அப்பத்தாவுக்கு நடுவில் இருப்பதுதான் பொருந்தும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: தாது என்றதும் 1936 என்று எழுதிவிடுவார்கள். ஆண்டு சித்திரையில் பிறக்கிறது, ஏப்ரல் நடுவில். ஆகவே மார்கழிக் கடைசி, தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். தாது வருஷம் தை என்றால் 1937 சனவரி, பிப்ரவரி.

ஜாதகம் இல்லாத வீடுதான் அதிகம். அங்கே நிகழ்ச்சிகளை வைத்து நெருக்க வேண்டும். "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? கைப்பிள்ளை யாரு அப்ப?" என்ற இரண்டு கேள்வி போதும். காந்தி சுடப்பட்டது 1948 சனவரி 30. காசு மாறியது 1957 ஏப்ரல் 1. அன்றைக்குத்தான் ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா வந்தது. நேரு இறந்தது 1964 மே. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது அதே ஆண்டு டிசம்பர். ரூபாய்க்கு ஒரு படி அரிசிப் பேச்சு 1967 தேர்தல். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974. பள்ளிக்கூடத்தில் எம்ஜிஆர் சத்துணவு வந்தது 1982. அவர் இறந்தது 1987 டிசம்பர் 24. கஜா புயல் 2018 நவம்பர் 16. ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றிலும் அப்பத்தா எந்த ஊரில், எந்த வீட்டில், யாரோடு இருந்தார் என்று நிரப்பிக்கொண்டே போனால் பாதி வாழ்க்கை தானாக வந்துவிடும்.

பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வைத்துத் தாயின் திருமண ஆண்டைக் கணக்கிடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் அஞ்சு வயது என்று சேர்த்துக்கொள்வார்கள். சேருகிற நாளுக்கு வயது பொருந்தும்படி மே, ஜூனில் ஒரு தேதியை ஆசிரியரே போடுவார். அண்ணன் தம்பி நாலு பேருக்கும் பிறந்த நாள் மே, ஜூனிலேயே இருந்தால் நாலும் பள்ளிக்கூடத்தில் பிறந்தவை. இரண்டு ஆண்டு முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் வாழ வந்த பெண்ணை ஊர் பெயரிட்டுக் கூப்பிடுவது பிறந்த ஊரை வைத்து: வடகாட்டா, அறந்தாங்கியா. பேரப்பிள்ளைகளுக்கு அப்பத்தா என்ற ஒரு பெயர்தான் தெரியும். குடும்ப அட்டையில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு. மூன்றையும் எழுதுங்கள். ஊரில் போய் விசாரிக்கும்போது அட்டைப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, "வடகாட்டாவா? அட, முளைப்பாரிக்கு விதை போடுமே, அதுவா?" என்றுதான் வரும். விசாரணை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது காகிதங்கள். வீட்டுப் பெட்டியில் கிடைப்பது குறைவு. அப்பத்தாவைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது, அதைத் தேடிப் போகாததால்தான் பல வாழ்க்கைக் குறிப்புகள் "அன்பே உருவானவர்" என்ற ஒரு வரியில் நின்றுவிடுகின்றன.

முதலில் மொய் நோட்டு. ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும் வட்டாரம் இது. யார் எவ்வளவு செய்தார் என்பது பக்கம் பக்கமாக இருக்கும், ஊர்வாரியாக. சொந்த வீட்டு மொய் நோட்டு யார் நம் வீட்டுக்கு வந்தார்கள் என்று சொல்லும். அதைவிட முக்கியம், மற்றவர் வீட்டு நோட்டு: அப்பத்தா யார் யார் வீட்டுக்குப் போனார் என்று அதில்தான் இருக்கும். கணவர் பெயரில் பதிவு இருந்தாலும் அரிசி, காய்கறி, பாத்திரம் என்று பொருளாகக் கொடுத்தது பெண்கள் பெயரில் வரும். நோட்டில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி இருந்தால் அது 1957க்கு முந்தையது, அல்லது பழைய பழக்கம் விடாத கைகள் அதற்குச் சற்றுப் பின்னே எழுதியது. ரூபாய், பைசா என்று இரண்டே பத்தி என்றால் பிந்தையது. பேச்சில் "எட்டணா" என்று வருவதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள், ஐம்பது காசை எட்டணா என்று சொல்வது அதன்பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

மொய் நோட்டைக் கேட்கும் முறையும் உண்டு. அது கடன் கணக்கு. "ஒங்க நோட்டைக் குடுங்க, போட்டோ எடுத்துக்கிறேன்" என்றால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர்களையே நம் ஊர்ப் பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லி, நமக்கு வேண்டிய வரியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். தொகையை எழுத வேண்டியதில்லை. தேதி, என்ன விசேசம், என்ன கொடுத்தார்: இது போதும்.

அடுத்தது பத்திரங்கள். நிலம் வாங்கியது, விற்றது, பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் எதிலாவது அப்பத்தா ஒப்பம் இட்டிருப்பார். எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒப்பமிட்ட இடத்தை மட்டும் பாருங்கள். 1970களில் இடது பெருவிரல் ரேகை, 80களில் ரேகை, 1994ல் திடீரென்று கோணல் மாணலாக நாலெழுத்துக் கையெழுத்து. இந்த மாவட்டத்தில் 1991, 92ல் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கூலிக்குப் போய்த் திரும்பிய பெண்கள் இரவில் விளக்கு வைத்து எழுத்துக் கற்றார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆகவே அந்தக் கையெழுத்தைக் கண்டால் கேட்க வேண்டியது: எந்தத் தெருவில், யார் வீட்டுத் திண்ணையில் வகுப்பு? சொல்லிக்கொடுத்த பிள்ளை யார்? கூடப் படித்தவர்கள் யார் யார்? முதலில் எழுதியது யாருடைய பெயர்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண் மை தொட்ட விரலைத் துடைத்துவிட்டுப் பேனா பிடித்திருக்கிறார். பெரிய மனிதர் வாழ்க்கை வரலாறுகளில் வரும் எந்தத் திருப்பத்துக்கும் இது குறைந்ததல்ல.

அதன்பின் மகளிர் சுய உதவிக் குழு. தருமபுரியில் 1989ல் தொடங்கிப் பிறகு எல்லா மாவட்டத்துக்கும் வந்த குழுக்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தீர்மான நோட்டு உண்டு: யார் வந்தார், யாருக்கு எதற்காகக் கடன், யார் தலைவி, யார் ஊக்குநர். நோட்டைக் குழுத் தலைவி வீட்டுப் பீரோவில் பார்க்கலாம். "இவளுக்கு இந்தத் தரம் விட்டுக்கொடுக்கிறேன்" என்று தன் முறைக் கடனை வேறொருத்தி பிரசவச் செலவுக்கு அப்பத்தா மாற்றிக் கொடுத்தது அதில் ஒற்றை வரியாக இருக்கும். சமூக சேவை என்று தனியாகத் தலைப்புப் போட்டுத் தேட வேண்டாம், அந்த வரிதான் அது. கடன் வாங்கியவர் பெயரை மட்டும் வெளியே எழுதாதீர்கள்.

தேதி போடாத கடிதம், பத்திரிகை கிடைத்தால் காலம் கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. "சென்னை மாநிலம்" என்றிருந்தால் 1969க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் லை, னை, ணை எழுத்துகள் யானைத் துதிக்கை போல் மேலே வளைந்து இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்செழுத்து. சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தையே மேலும் சில ஆண்டு ஓட்டின, கையால் எழுதுகிறவர்கள் சாகும்வரை பழைய வடிவிலேயே எழுதினார்கள். ஆகவே இது முடிவான சான்று ஆகாது, பிற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கத்தான். பெட்டி அடியில் சின்னச் செப்புக் காசு, ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் "விஜய" என்று இருந்தால் அது சமஸ்தானத்து அம்மன் காசு. எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே படிந்த பச்சையும் கருப்பும் போனால் எழுத்தும் சேர்ந்து போகும்.

அப்பத்தா உயிரோடு இருக்கிறார் என்றால் இதையெல்லாம் விடப் பெரிய வாய்ப்பு கையில் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் "பொங்கலுக்குப் போறப்போ பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். "உன் வாழ்க்கையப் பத்திச் சொல்லு அப்பத்தா" என்று போனை நீட்டினால், "என்னத்தச் சொல்ல, பொறந்தேன், வாக்கப்பட்டேன், புள்ள பெத்தேன்" என்று முடிந்துவிடும். கேள்வி ஒரு பொருளிலிருந்து தொடங்க வேண்டும். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் உலக்கையைக் காட்டி, "இது நம்ம வீட்டு உலக்கையா, நீ கொண்டாந்ததா?" என்று கேளுங்கள். உலக்கையிலிருந்து நெல் குத்திய வீடு வரும், கூட நின்று குத்தியவள் வருவாள், அவள் பாடிய பாட்டு வரும், அவள் கிணற்றில் விழுந்தது வரும்.

தனியாக உட்கார வைப்பதைவிடக் கூட்டாளி ஒருவரோடு உட்கார வைத்தால் நல்லது. கொழுந்தன் பெண்சாதி, நாத்தனார், எதிர் வீட்டுக் கிழவி. "ஏ, அது அந்த வருசம் இல்லடி, மூத்தவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்" என்று அவர் திருத்துவார், நாம் திருத்த வேண்டியதில்லை. ஆனால் மருமகள் பக்கத்தில் இருந்தால் சில விஷயம் வராது, மகன் இருந்தால் வேறு சில வராது. பேத்தி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் நேரத்தில் வருவது யார் முன்னும் வராது. "இதை எழுதாதே" என்று அவர் சொன்னால் எழுதக் கூடாது. பதிவை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். போன் மேசையில் ஓடிக்கொண்டே இருக்க, "நிறுத்திட்டேன்" என்று சொல்வது துரோகம்.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்கும்போது அந்தத் தலைமுறைக்குச் சொல் வேறு: "எத்தனை பெத்த, எத்தனை தங்குச்சு?" தங்காத பிள்ளைகளுக்கும் பல வேளை பெயர் வைத்திருப்பார்கள். பெயர், எத்தனை நாள் இருந்தது, எந்த இடத்தில் புதைத்தது. அறுபது ஆண்டாக யாரும் கேட்காததைக் கேட்கிறோம் என்பது நினைவிருக்கட்டும். அன்றைக்கு வேறு எதுவும் கேட்காமல் பக்கத்தில் இருந்துவிட்டு வர வேண்டும்.

ஒலிப்பதிவுக்குத் தனிக் கருவி தேவையில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், கூரை விசிறிச் சத்தம் பிறகு எந்தச் செயலியாலும் முழுதாகப் போகாது. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். கட்டிலிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்தால் அதிர்வு ஏறும். முதல் வாக்கியமாகத் தேதி, ஊர், யார் யார் இருக்கிறோம் என்று நீங்கள் சொல்லுங்கள். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. காலை பத்துக்குள் பேசினால் தெளிவாக வரும், சாயங்காலம் நினைவு கலங்கும் வயது அது. மறதி நோய் தொடங்கியவர்களிடமும் பாட்டு கடைசிவரை இருப்பதுண்டு. முதலடியை நாம் தப்பாகப் பாடினால் அவர் திருத்தி முழுதும் பாடுவார்.

ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் கேட்காதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை, விளக்கு வைத்த பிறகு என்றால் வாயே திறக்க மாட்டார்கள். வயல் வரப்பு, கண்மாய்க் கரை, ஊருக்கு வெளியே மரத்தடி என்றால் சிலர் பாடுவார்கள். தாலாட்டுக்கு மடியில் பிள்ளை வேண்டும். வெறும் மடியில் பாடச் சொன்னால் பாதி அடி மறந்துபோகும்.

கைப்பக்குவத்தை எழுதுவது எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் அது அவருக்கே வார்த்தையாகத் தெரியாது. அதிரசத்தை எடுத்துக்கொள்வோம். "ஒரு படி அரிசிக்கு அளவா வெல்லம், பாகு பதமா வரணும்" என்பார். இதில் ஒன்றும் இல்லை. ஆகவே சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதை அளக்க வேண்டும். முதலில் அவருடைய படியையே அளவெடுங்கள். எழுத்தில் படிக்கு எட்டு ஆழாக்கு, நாலு உழக்கு, இரண்டு உரி; ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். சமையலறைத் தராசில் வெறும் படியை வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். ஏறிய எடை எத்தனை கிராமோ அத்தனை மில்லி அது பிடிக்கும். பிறகு அவர் அளக்கும்போது கவனியுங்கள், தலைதட்டி அளக்கிறாரா, கோபுரமாகக் குவிக்கிறாரா என்று. குவித்தால் அரிசி கணிசமாகக் கூடும், பாதிப் பலகாரம் கெடுவது இந்தக் குவியலில்தான். அவர் "ஒரு கை" என்றால் அவரையே ஐந்து முறை அள்ளிப் போடச் சொல்லி நிறுத்துச் சராசரி எடுங்கள். உங்கள் கையால் அல்ல.

வெல்லத்துக்கு ஒரு வழி: தேவைக்கு மேல் ஒன்றரைக் கிலோவை நிறுத்து அவர் முன் வைத்துவிடுங்கள். முடிந்ததும் மிச்சத்தை நிறுங்கள். வித்தியாசம்தான் அவருடைய "அளவா". மாவுப் பச்சரிசி ஒரு கிலோவுக்கு எழுநூறிலிருந்து எழுநூற்றைம்பது கிராம் ஒட்டி வரும். வெல்லத்தின் ரகத்துக்கு ஏற்ப மாறும். அரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்புவார். எப்போது எடுக்கிறார் என்று கடிகாரம் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்: ஒரு பிடி பிடித்துத் திறக்கிறார், அரிசி உள்ளங்கையில் ஒட்டி நிற்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை. அந்த ஈரத்தில் இடித்துச் சலித்த மாவு, பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். பாகைக் கரண்டியால் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுகிறார். கரைந்தால் ஆகவில்லை. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டையாக வரும்போது இறக்குகிறார். தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது, அது கமர்கட்டுக்குத்தான் ஆகும். இறக்கியதும் ஏலக்காய், சுக்குப் பொடி. மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறி, மாவு இட்லி மாவை விடக் கெட்டியாக, கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்துகிறார். ஆற ஆற இறுகும் என்பது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கெட்டியாகும் வரை மாவு போட்டுக்கொண்டே போவதுதான் புதிதாகச் செய்பவர்களின் முதல் பிழை. ஒரு நாள், இரண்டு நாள் வைத்து, மிதமான எண்ணெயில் ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பார். எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு இளசு: கொஞ்சம் ஈர மாவு சேர்ப்பார். கல்லாக இருந்தால் பாகு முற்றியது: வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைவார். எழுதும்போது இந்தத் திருத்தங்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். கெட்டதை எப்படி மீட்டார் என்பதில்தான் அவருடைய ஐம்பது வருடம் இருக்கிறது.

கேமராவை முகத்துக்கு வைக்காமல் கைக்கு வையுங்கள். முகம் பிறகும் எடுக்கலாம்.

ஊர் வேலைக்கு வருவோம். முளைப்பாரிக்கு விதை போடுகிறவர் என்று ஊர் ஒருவரை நம்பிவிட்டால் அது லேசான பொறுப்பு இல்லை. எல்லா வீட்டு மண்பானையும் ஒரே இருட்டறையில் இருக்கும். அடியில் வைக்கோல், மேலே கண்மாய் மண்ணோடு பொடித்த ஆட்டு எரு, மாட்டு எரு. இரவே ஊற வைத்த தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று ஊர் வழக்கப்படி. இருட்டில் வளர்வதால்தான் பயிர் வெளிர் மஞ்சளாக, ஒரே உயரமாக நெட்டுக்கு நிற்கிறது. கதவிடுக்கில் வெளிச்சம் விழுந்தால் அந்தப் பக்கத்துப் பானை பச்சையாகக் குட்டையாக நின்றுவிடும். தண்ணீர் ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். கூடினால் நாலாம் நாளே அழுகல் வாடை வரும். பூச்சி மருந்து கலந்த கடை விதை ஆகாது. பழைய விதை என்ற சந்தேகம் வந்தால் இருபது விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்து இரண்டு நாளில் எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார். ஒரு வீட்டுப் பயிர் நன்றாக வராவிட்டால் அந்த வீட்டுப் பெண் ஊருக்கு முன்னால் தலை குனிவாள். அதனால்தான் அந்தக் கிழவி ராத்திரி எழுந்து போய்ப் பானைகளை இடம் மாற்றி வைப்பார், குறைந்தது எது என்று யாருக்கும் சொல்லாமல். இதைக் கூட இருந்து உதவிய பெண்கள் மட்டும்தான் அறிவார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். குலவை போடுகிறவர், கும்மிக்கு முதலடி எடுக்கிறவர், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சோறு கொண்டுபோகிறவர், சாவு வீட்டில் அழுகிறவர்களை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கிறவர்: இவை ஒவ்வொன்றுக்கும் சாட்சி உண்டு.

கைவைத்தியத்தை எழுதுவதில் மட்டும் பாசத்தை ஓரமாக வையுங்கள். சுக்குக் கஷாயம், பிரசவ லேகியம் எல்லாம் எழுதுங்கள். பச்சைக் குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விட்டது, வசம்பு உரைத்து ஊற்றியது, நாக்கில் தேன் தடவியது இருந்தால் அதையும் எழுதுங்கள், உண்மை அதுதான். பக்கத்திலேயே இப்போது செய்யக் கூடாது என்றும் எழுதுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமி குடலில் நஞ்சு உண்டாக்கிப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். "எங்க அப்பத்தா செஞ்சது" என்று இருபது வருடம் கழித்து ஒரு பேத்தி அதைச் செய்துவிடக் கூடாது.

புகைப்படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டத்துக்குள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சாய்வெளிச்சத்தில் படமெடுங்கள். லேமினேஷன் வேண்டாம், ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது. ஸ்கேன் 600 புள்ளி அடர்த்தியில், பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனெனில் ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஆட்களின் பெயரைப் பின்னால் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தம் முன்னால் தெரியும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முன்னால் வரட்டும், தானாக வரிசையாகும்.

எழுத உட்கார்ந்ததும் "அன்பானவர்", "பொறுமையின் சிகரம்" என்பதெல்லாம் தானாக வரும். ஒவ்வொரு பெயரடையையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செயலை வையுங்கள். பொறுமையானவர் என்று எழுதாதீர்கள். "சந்தை அன்றைக்கு மூன்று வீட்டுச் சாமானையும் சேர்த்து ஒரே கூடையில் சுமந்து வந்து, வாசலில் வைத்தே பிரித்துக் கொடுத்தார்" என்று எழுதுங்கள். அவர் பேச்சு அவர் பேச்சாகவே இருக்கட்டும். "தங்குச்சு" என்பதை "உயிர் பிழைத்தது" என்று திருத்தினால் ஆளே மாறிவிடுவார். சொத்துத் தகராறை எழுத வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஆனால் அவருக்குக் கோபம் வந்த இடங்களை விட்டுவிடாதீர்கள். யாரோடு எத்தனை வருடம் பேசாமல் இருந்தார், எந்தச் சாவில் பேசினார் என்பது அவர் வாழ்வில் பெரிய செய்தி. சம்பந்தப்பட்டவர் வீட்டில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பதினாறு பக்கம் போதும். நடுவில் தைக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். எழுத்தைப் பெரிதாக, பதினாலு புள்ளி அளவில் வையுங்கள்; படிக்கப் போகிற முதல் ஆட்கள் அவர் கூட்டாளிகள், கண் தெரியாது. அச்சுக்குப் போகும் முன் அப்பத்தாவுக்கோ, அவர் இல்லையென்றால் அவர் தங்கைக்கோ உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

காலம் கடந்துபோய், அவர் போன பிறகுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கருமாதி நாளைத் தவற விடாதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது பெயரும் வயதும் முன்சொன்னபடி சரிபார்த்துக் கொடுங்கள், பிறகு திருத்துவது அலைச்சல். கருமாதிக்கு எல்லா ஊரிலிருந்தும் எல்லாக் கிழவிகளும் வந்திருப்பார்கள், இனி ஒரே பந்தலில் அவர்கள் சேரப் போவதில்லை. சாப்பாடு முடிந்து கார், பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் உள்ள அந்த ஒரு மணி நேரம்தான் நேரம். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வையுங்கள், நூலில் கட்டிய பேனா, கூடவே எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பேத்தி ஒருத்தி. பக்கத்தின் மேலே ஒரே கேள்வி மட்டும்: "ஒங்களுக்கு என்ன செஞ்சாங்க?" கீழே சொல்பவர் பெயர், ஊர், என்ன முறை. கையெழுத்துப் போடுகிறவர் போடட்டும். மற்றவர்களுக்கு மைப்பெட்டி ஒன்று.